இரண்டு பெட்டிக்கு ஒரு டிஷ்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. சர்க்கரைதான் ஒரு சிட்டிகை தூக்கல். உங்கள் நிலையத்துக்கு எதிரே ஒரு கடையும் தெருத் திருப்பத்தில் ஒரு கடையும் இருப்பதை வரும்போதே கவனித்தேன். இரண்டிலும் குடித்துப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடையை வைத்துக்கொண்டீர்களா, இல்லை, கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதே என்றா? பெரும்பாலானவர்கள் எட்டுகிறதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். குறையாகச் சொல்லவில்லை. பேச்சை எங்கேயாவது தொடங்க வேண்டும் அல்லவா.

நான் வந்தது நீங்கள் உள்ளே வைத்திருக்கும் டிஷ்காரர் விஷயமாக. எங்கள் வீட்டு மொட்டை மாடியில் டிஷ் வைத்துக்கொடுத்தவர் அவர்தான். அதை ஒழுங்காகப் பொருத்தாமல் விட்டதால்தான் என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், போன வாரம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார் என்பது உங்கள் வழக்கு. அதற்கு அந்த ஆள் ஒரு வாக்குமூலம் கொடுத்திருக்கிறாராம். அதில் ஒரு தவறான தகவல் இருக்கிறது. அதைத் திருத்த வேண்டியது என் கடமை. அவர் மனைவி நேற்று இடுப்பில் கைக்குழந்தையோடு எங்கள் வாசலில் வந்து நின்று அழுதுவிட்டுப் போனாள். அதுவும் ஒரு காரணம் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. குடிநீர் அலுவலகத்தில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். குழாய், வால்வு, நாற்காலி, துடைப்பம், எது வாங்கினாலும் இரண்டு நிறுவனங்களின் பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நிறை குறை பார்த்துச் சொல்வது என் வேலை. அலுவலகத்தில் எனக்குத் தராசு என்று பெயர். கிண்டலாக வைத்தார்கள். நான் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டேன். ஒரு தடவை எங்கள் பிரிவுக்கு நாற்காலி வாங்குவதற்காக இரண்டு மாதிரிகளை வரவழைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சக ஊழியர்கள் அதுவரை பழைய கோப்புக் கட்டுகளின் மேல் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். நான் ஒரு முடிவுக்கு வரும்போது இரண்டு நிறுவனங்களும் அந்த நாற்காலியைச் செய்வதை நிறுத்திவிட்டன. அதை எல்லோரும் என் தோல்வி என்றார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. தவறான நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, அவ்வளவுதான்.

என் மனைவி அரசு மருத்துவமனையில் நர்ஸ். பெரும்பாலும் மாலை நேர டியூட்டி. அவள் விரும்பிப் பார்க்கிற சீரியலும் பாட்டுப் போட்டியும் அந்த நேரத்தில்தான் வரும், அதுவும் வேறு வேறு சேனலில், ஒரே மணியில். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் இரண்டும் முடிந்திருக்கும். இணையத்தில் பார்க்கலாமே என்பீர்கள். எங்கள் தெருவில் இணையம் தூரத்து உறவுக்காரர் மாதிரி, எப்போதாவது வரும், வந்தவுடன் கிளம்பிவிடும். ஒரு நாள் அவள் சொன்னாள்:

"என்னங்க, ரெக்கார்டு பண்ற பெட்டி ஒண்ணு வாங்கிப் போடுங்களேன். வாரம் பூரா கால் கடுக்க நிக்கிறேன். ஒரு நாளாவது காலை நீட்டி உட்கார்ந்து பாக்கணும்."

நியாயமான ஆசை. நான் உடனே வேலையில் இறங்கினேன்.

சந்தையில் சாட்டிலைட் ரிசீவர்கள் நிறைய இருந்தாலும் வீட்டில் பதிவு செய்வதற்குத் தகுந்தவை என்று நான் வடிகட்டி எடுத்தவை இரண்டு. ஒன்று சற்றுப் பெரிது, ஒன்று சிறிது. பெரிய பெட்டி, சின்னப் பெட்டி என்றே சொல்கிறேன், குழப்பம் வராது. பெரிய பெட்டிக்குள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. அதோடு அதில் டியூனர் இரண்டு. அதாவது ஒரே நேரத்தில் இரண்டு சேனல்களைப் பதிவு செய்யும். சின்னப் பெட்டியில் டியூனர் ஒன்றுதான். ஒரு நேரத்தில் ஒரு சேனல். ஆனால் அதன் பின்னால் நாமே ஒரு டிஸ்கைச் செருகிக்கொள்ளலாம், கழற்றிக்கொள்ளலாம், சட்டைப் பையில் போட்டு எங்கே வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். பெரிய பெட்டி பழுதானால் அதில் சேர்த்து வைத்த எல்லாம் அதோடு போகும். சின்னப் பெட்டி பழுதானாலும் டிஸ்க் நம்மிடம் இருக்கும். யோசித்துப் பாருங்கள், ஐயா. மனிதனுக்கு இருப்பது ஒரு ஜோடிக் கண். ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்ச்சியை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்யப்போகிறான்?

நான் சின்னப் பெட்டியின் பக்கம் சாய்ந்தேன். சாய்ந்தேன் என்றால், முடிவு செய்துவிட்டேன் என்று அர்த்தம் இல்லை. எனக்கு அது நாள் பிடிக்கும்.

அப்போதுதான் மச்சான் உள்ளே நுழைந்தார். வீடு மாமனார் கட்டியது. கீழ்த்தளம் மச்சானுக்கு, மேல்தளம் எங்களுக்கு. நீங்கள் முதல் நாள் விசாரணையிலேயே வீட்டைப் பற்றித்தான் சுற்றிச் சுற்றிக் கேட்டீர்கள். வீட்டுக்காக என்றால் அதை எப்போதோ செய்திருக்கலாமே. அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே ஒரு பெண்ணைப் போய்ப் பார்த்தார், ஒத்துவராது என்றார், அதோடு அந்தப் பேச்சையே மூட்டை கட்டிவிட்டார். எதிலும் அப்படித்தான். துணிக்கடையில் நுழைந்து கையில் முதலில் அகப்படும் சட்டையை வாங்கி, அதைப் போட்டுக்கொண்டே வெளியே வருவார். பொருந்தியும் தொலைக்கும். மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

அவர் டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தார். வண்டியைப் பின்னால் எடுக்கக் கற்றுக்கொடுப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை. ரிவர்ஸ் வாத்தியார் என்றால் இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். உங்கள் நிலையத்து ஜீப் ஓட்டுபவரே அவரிடம் படித்தவர்தானாம். மைதானத்தில் இரண்டு குச்சிகளை நட்டு, தான் பின்னால் நின்றுகொண்டு, பயந்து பயந்து திரும்பிப் பார்க்கிறவர்களைப் பார்த்துக் கத்துவார்: "என் குரலை மட்டும் கேளு. நான் வரலாம்னு சொன்னா வரலாம், போதும்னா போதும். நம்பு. பின்னாடி நிக்கிறவன நம்பலைன்னா வண்டி ஓட்டவே முடியாது." தானும் அப்படியே இருந்தார். அலமாரியை நகர்த்தினாலும், கட்டிலைத் தூக்கினாலும், எதிரே இருப்பவர் சொல்லச் சொல்லத் திரும்பிப் பார்க்காமல் பின்னால் நடந்து போவார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

ரிசீவர் பேச்சு வந்ததும் என்னோடு கடைக்கு வந்தார். இரண்டு பெட்டிகளையும் கையில் தூக்கிப் பார்த்தார். பெரியதை விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார்.

"கனமா இருக்கு மாப்ள. நல்லா உழைக்கும். இதையே எடுத்துருங்க."

அவ்வளவுதான் அவருடைய ஆய்வு. நான் பல வாரங்கள் செலவழித்துப் படித்த விஷயத்துக்கு ஒரு தட்டுத் தட்டிப் பதில் சொல்லிவிட்டார். கடைக்காரர் என்னை ஏற்கெனவே பலமுறை பார்த்துக் களைத்துப்போனவர். அவர் சொன்னார்: "சார், ரெண்டையும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போங்க. ஒரு மாசம் போட்டுப் பாருங்க. பிடிச்சத வச்சுக்கிட்டு மத்தத திருப்பிக் குடுங்க. தயவுசெஞ்சு இனிமே கடைக்கு வந்து சந்தேகம் மட்டும் கேட்காதீங்க." அந்தக் கடைசி வாக்கியத்தை நான் பெரிதுபடுத்தவில்லை.

இப்படி ஒரே டிஷ், ஒரே டிவி, அதன் கீழே இரண்டு பெட்டிகள் என்று எங்கள் ஹாலில் குடித்தனம் தொடங்கியது. டிவி ரிமோட்டில் ஒரு பட்டனை அழுத்தினால் சின்னப் பெட்டி தெரியும், இன்னொரு பட்டனை அழுத்தினால் பெரிய பெட்டி. சம தளத்தில் சோதனை என்பது இதுதான்.

டிஷ்காரரின் பங்கை இங்கே சொல்லிவிட வேண்டும். டிஷ்ஷை இரும்புக் கால்களில் ஏற்றி, தரையில் துளை போட்டு, போல்ட் வைத்து இறுக்கத்தான் அவர் ஆயத்தமாக வந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். முன் மூலையா, நடு மாடியா என்று நான் இன்னும் முடிவு செய்திருக்கவில்லை. "சார், போல்ட் போடாம விட்டா பின்னாடி வம்பாயிடும்" என்றார். கால்களின் மேல் நான்கு செங்கற்களை வைத்தால் போதும் என்று நான் சொன்னேன். தலையைச் சொறிந்துகொண்டே வைத்தார். ஆகவே அது அசையும்படி இருந்ததற்கு அவர் பொறுப்பல்ல.

கைப்பிடிச் சுவர் விஷயமும் அப்படித்தான். மாடியின் பின்பக்கச் சுவர் மழையில் விரிசல் விட்டதால் கொத்தனார் அதை இடித்துப்போட்டார். மறுபடி செங்கல்லிலேயே கட்டுவதா, இரும்புக் கம்பி வைப்பதா என்று கேட்டார். இரண்டிலும் சாதகம் உண்டு. செங்கல் உறுதி. கம்பி காற்றோட்டம். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொத்தனார் பொறுமை இழந்து, "அதுவரைக்கும் ஒரு கயிறாவது கட்டி வைங்க சார், புண்ணியமாப் போகும்" என்று சொல்லிவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார். கட்ட வேண்டும் என்றுதான் இருந்தேன். நைலான் கயிறா சணல் கயிறா என்பதில் தாமதமாகிவிட்டது. நைலான் வெயிலில் இற்றுப்போகும், சணல் மழையில் இற்றுப்போகும். வெயிலும் மழையும் மாறி மாறி வருகிற ஊரில் இது சாதாரணக் கேள்வி இல்லை.

சோதனை மாதத்தில் நடந்ததை மறைக்காமல் சொல்கிறேன். பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றும், சீரியலில் நான்கு வருடமாக இழுத்துக்கொண்டிருந்த கல்யாணமும் ஒரே நாளில் வந்தன. சின்னப் பெட்டியில் நான் கல்யாணத்தைப் பதிவு செய்தேன். மச்சான் வந்து பெரிய பெட்டியில் இரண்டையும் பதிவு செய்தார். மனைவி டியூட்டி முடிந்து வந்து, முகம் கழுவி, பெரிய பெட்டியைப் போட்டு இரண்டையும் ஒரே மூச்சில் பார்த்தாள். அண்ணனும் தங்கையும் தரையில் காலை நீட்டிக்கொண்டு, தோற்றுப்போன பாடகிக்காகக் கண்ணீர் விட்டார்கள். சின்னப் பெட்டியில் கல்யாணம் தெளிவாக வந்திருந்தது. யாரும் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

சின்னப் பெட்டியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது என்பதைக் காட்ட, மறுநாள் டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கே போனேன். நர்ஸுகள் ஓய்வெடுக்கும் அறையில் ஒரு டிவி உண்டு. மனைவியின் தோழிகள் எல்லோரும் கல்யாணத்தைப் பார்க்க ஆவலாகக் கூடினார்கள். டிஸ்கைச் செருகினேன். இந்த வகைக் கோப்பைத் திறக்க இயலாது என்று திரையில் வந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி செருகினேன். மறுபடி அதே வந்தது. அந்தப் பெட்டியில் பதிவு செய்தது அந்தப் பெட்டியில் மட்டும்தான் ஓடுமாம். அது அந்த டிவியின் குறை. அரசு டிவி வேறு எப்படி இருக்கும்? மனைவி என் முழங்கையைப் பிடித்து, "வீட்டுக்குப் போங்க, ப்ளீஸ்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள்.

அன்று சாப்பிடும்போது மச்சான் அந்தக் கதையைக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்:

"பாப்பா, அந்தப் பெட்டிய உங்க வீட்டுக்காரரப் பாத்துத்தான் செஞ்சிருக்காங்க. ஒரு நேரத்துல ஒண்ணத்தான் பாக்கும். அதப் பாத்து முடிக்கிறதுக்குள்ள மத்ததெல்லாம் கடந்து போயிரும்."

என் மனைவி சிரித்தாள். புரை ஏறுகிற அளவுக்குச் சிரித்தாள். மச்சான் அவள் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தார். எனக்கு வலித்தது, ஐயா. அதை மறைப்பதில் பயன் இல்லை. கல்யாணமானதிலிருந்து அவளை நான் அப்படிச் சிரிக்க வைத்ததில்லை. ஆனால் நான் சாப்பிட்டு முடித்து என் தட்டைக் கழுவி வைத்தேன். உணர்ச்சிவசப்பட்டு எதையும் செய்கிற ஆள் நான் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரர் தன் மாடியில் தூண் எழுப்பி ஒரு பெரிய கறுப்புத் தண்ணீர்த் தொட்டியை ஏற்றினார். அது எங்கள் டிஷ்ஷுக்கு நேர் எதிரே வந்து நின்றது. அதற்குப் பிறகு சின்னப் பெட்டியில் படம் அவ்வப்போது கட்டம் கட்டமாக உடைந்தது. பெரிய பெட்டியில் உடையவில்லை என்று மச்சான் சொன்னார். அது அவர் சொன்னது.

அந்தக் காலைக்கு வருகிறேன். விடுமுறை நாள். மனைவி வேறொரு நர்ஸுக்காகக் காலை டியூட்டிக்குப் போயிருந்தாள். நான் ஹாலில் இருந்தேன். பெட்டிகளில் ஒன்றைக் கடையில் திருப்பிக்கொடுக்க வேண்டிய நாள் மறுநாள். மச்சான் கையில் ஸ்பேனரோடு படியேறி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"மாப்ள, பாப்பாகிட்ட பேசிட்டேன். உங்க பெட்டியே இருக்கட்டும்."

நான் காரணம் கேட்டேன். எந்த அம்சத்தில் அவர் மனம் மாறினார் என்று தெரிந்துகொள்வது முக்கியம் அல்லவா.

"காரணம் என்ன காரணம். பாவம், நீங்க ரொம்ப ஆசைப்பட்டுட்டீங்க. ஒரு பெட்டிக்காக வீட்டுல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருக்கணுமா? பெரிசக் காசு குடுத்து நான் கீழ வச்சுக்கறேன். பாப்பா வந்து அங்க ரெண்டையும் பாத்துக்கட்டும். சின்னது உங்ககிட்டயே இருக்கட்டும். நேத்துகூட அதுல படம் உடைஞ்சுது. டிஷ்ஷக் கொஞ்சம் பின்னால இழுத்துட்டா தொட்டி மறைக்காது. நான் மேல போய் இழுக்கறேன், நீங்க சிக்னலப் பாத்துச் சொல்லுங்க. உங்க பெட்டியும் நல்லா ஓடட்டுமே."

என் தோளில் தட்டிவிட்டு மாடிக்கு ஏறிப்போனார். அந்தப் பெரிய பெட்டியைத் தட்டின அதே மாதிரிதான் தட்டினார்.

பலரும் இதை நல்ல மனசு என்பார்கள். நீங்களும் இப்போது தலையை ஆட்டினீர்கள். நான் அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தேன். போட்டியில் தோற்றவன் விலகினால் எதிராளி ஜெயித்தான் என்று சொல்லலாம். ஜெயித்தவன் இரக்கப்பட்டு விலகினால் அதை என்னவென்று சொல்வது? சின்னப் பெட்டி என் ஹாலில் இருக்கும். என் மனைவி டியூட்டி முடிந்து வந்து கீழேயே தங்கி, கீழேயே சிரித்துவிட்டு, தூங்குவதற்கு மட்டும் மேலே வருவாள். நான் ஆராய்ந்து தேர்ந்தெடுத்த பெட்டி, சின்னப் பையனுக்குக் கையில் கொடுத்த உடைந்த சாவி மாதிரி, என்னிடம் விளையாட விடப்பட்டிருக்கும். நிறை குறை பார்த்து யாரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் என்னை மன்னித்துவிட்டார், அவ்வளவுதான். நான் என்ன தப்பு செய்தேன், மன்னிப்பதற்கு?

டிவியில் சிக்னல் பக்கத்தைத் திறந்தேன். சிக்னலின் அளவு ஒரு பட்டையாகவும் பக்கத்திலேயே எண்ணாகவும் வரும். அறுபதுக்கு மேல் இருந்தால் படம் உடையாது. தொண்ணூற்று மூன்று என்று காட்டியது. அவர் டிஷ்ஷில் இன்னும் கையே வைக்கவில்லை. இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நான் வந்ததே இதற்காகத்தான். இழுப்பதற்கு எந்த அவசியமும் இல்லை. சின்னப் பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

மேலேயிருந்து அவர் குரல் ஜன்னல் வழியாக வந்தது. "இழுக்கறேன் மாப்ள. சொல்லுங்க."

எங்கள் வீட்டுக்கு மேலேதான் மொட்டை மாடி. இரும்புக் கால் தரையில் உரசுகிற சத்தம் என் தலைக்கு மேலேயே கேட்டது. டிஷ்ஷின் முகம் முன்பக்கம் பார்த்திருந்தது. அவர் அதைப் பார்த்தபடி, இரண்டு கைகளாலும் காலைப் பிடித்துக்கொண்டு, பின்னால் பின்னால் நகர்ந்திருக்க வேண்டும். ஓர் இழுப்பு, ஒரு நிறுத்தம்.

"வந்துச்சா?"

என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன. போதும் என்பது ஒன்று, வரலாம் என்பது மற்றது. போதும் என்றால் அவர் கீழே இறங்கி வருவார், கையைக் கழுவிக்கொண்டு, பாத்தீங்களா சரியாயிடுச்சு என்பார், பெரிய பெட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே போவார். வரலாம் என்றால் வருவார். நான் ஒப்பிட்டுப் பார்த்தேன். என் வாழ்க்கையில் இவ்வளவு சீக்கிரம் நான் எதையும் முடிவு செய்ததில்லை. அலுவலகத்தில் என்னைக் கிண்டல் செய்கிறவர்கள் அதைப் பார்த்திருக்க வேண்டும்.

"வரலாம் மச்சான்" என்றேன். "வரலாம், வரலாம்."

பக்கத்து வீட்டுக்காரர் தன் வாக்குமூலத்தில், யாரோ தெருவில் கார் நிறுத்துகிறார்கள் என்று நினைத்ததாகச் சொல்லியிருக்கிறார். அவர் கேட்டது என் குரலைத்தான். உரசல் சத்தம் ஹாலுக்கு மேலேயிருந்து சமையலறைக்கு மேலே நகர்ந்தது. நானும் சமையலறை வாசல்வரை நடந்தேன். "இன்னும் கொஞ்சம் வரலாம்" என்றேன். சிங்க்குக்கு மேலே சத்தம் நின்றது. அதற்கு அப்பால் எங்களுக்கு வீடு இல்லை. சுவர் இடிபட்டுக் கிடப்பது அவருக்குத் தெரியாது என்று இல்லை. தினமும் பார்க்கிற சுவர்தான். ஆனால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார் என்பதும் எனக்குத் தெரியும். பின்னால் ஆள் இருந்து குரல் கொடுக்கும்போது திரும்பிப் பார்ப்பது அவரைப் பொறுத்தவரை அவமானம்.

"போதுமா மாப்ள?"

"வரலாம்" என்றேன்.

ஆக, டிஷ்காரரின் கவனக்குறைவு இதில் எங்கேயும் வரவில்லை என்பது உங்களுக்கு இப்போது விளங்கியிருக்கும்.

நான் கீழே இறங்கிப் போனபோது மச்சானுக்கு உயிர் இருந்தது. துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கிடந்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, நான் ஏதோ கணக்கில் பிசகிவிட்டேன் என்று நினைத்த மாதிரிதான் இருந்தது. எங்கள் வீட்டிலிருந்து இரண்டு மருத்துவமனைகளுக்குப் போகலாம். தனியார் மருத்துவமனை பக்கம், ஆனால் விபத்துப் பிரிவு சுமார். அரசு மருத்துவமனை தூரம், ஆனால் விபத்துப் பிரிவு நல்லது, என் மனைவியும் அங்கேதான் இருக்கிறாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். வேண்டுமென்றே தாமதித்ததாக நீங்கள் எழுதக் கூடாது. இரண்டிலும் நிறை குறை இருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கத்திக்கொண்டு ஓடிவந்து, தன் காரில் தூக்கிப் போட்டு அரசு மருத்துவமனைக்கே கொண்டுபோனார். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு வந்து கார்க் கதவைத் திறந்தவள் என் மனைவி. முகத்தைப் பார்க்கும்வரை அவளுக்குத் தெரியாது.

அவள் அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடுவதில்லை. பெட்டி கேட்டது நான்தானே, நான் கேட்டதால்தானே அண்ணன் மேலே ஏறினார் என்று சுவரைப் பார்த்துப் பேசுகிறாள். டிவியின் மேல் ஒரு போர்வையைப் போட்டு மூடிவிட்டாள். நீ காரணம் இல்லை என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அதற்கு மேல் அவளிடம் விளக்கமாகச் சொல்ல முடியவில்லை. அவள் கேட்கிற நிலையில் இல்லை.

இதையெல்லாம் நான் மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் முந்தாநாள் உங்கள் ஏட்டையா டிஷ்காரரின் வாக்குமூலத்தை எனக்குப் படித்துக்காட்டினார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அந்த ஆள் என்ன சொல்லியிருக்கிறார் பாருங்கள். "அந்தச் சின்னப் பெட்டி மட்டமானது சார், சிக்னலையே இழுக்காது, அதுக்காகத்தான் டிஷ்ஷ இங்கயும் அங்கயும் இழுக்க வேண்டியதாப் போச்சு." மட்டமானது. இந்தச் சொல்லை அரசாங்கக் காகிதத்தில் எழுதி, கீழே சாட்சிக் கையெழுத்தும் வாங்கியிருக்கிறீர்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் சத்தமாகப் படிப்பார்கள். செய்தித்தாளில் வந்தாலும் வரும். என் மனைவி காதிலும் விழும். மச்சான் ஒரு மட்டமான பெட்டியால் செத்தார், அந்தப் பெட்டியைத் தேர்ந்தெடுத்தது நான் என்று ஆகிவிடும். அதைச் சகித்துக்கொண்டு இருக்க என் மனசாட்சி இடம் கொடுக்கவில்லை. அதனால்தான் அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டுக் காலையிலேயே வந்துவிட்டேன். மச்சான் சாவுக்குப் பெட்டி காரணம் அல்ல, நான் காரணம். சிக்னல் தொண்ணூற்று மூன்று இருந்தது. நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் வரலாம் என்றேன்.

எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள், நல்லது. உங்கள் கையெழுத்து தெளிவாக இருக்கிறது.

இந்தப் புகைப்படத்தை ஏன் இப்போது எடுத்து வைக்கிறீர்கள்? ஆமாம், இது எங்கள் ஹால்தான். அன்று உங்கள் ஆட்கள் வந்து எடுத்தது. டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, சிக்னல் பக்கம் திறந்திருக்கிறது. நான்தான் சொன்னேனே.

திரை நீலமாக இருக்கிறது, சரி. சின்னப் பெட்டியின் சிக்னல் பக்கம் பச்சை, பெரிய பெட்டியுடையதுதான் நீலம் என்று கடைக்காரர் உங்களிடம் சொன்னாரா? அவர் நிறையச் சொல்வார். முந்தின இரவு சின்னப் பெட்டியில் படம் உடைந்ததும் பெரிய பெட்டிக்கு மாற்றிப் பார்த்துவிட்டு அப்படியே அணைத்துப் படுத்ததாக என் மனைவியும் சொல்லியிருக்கிறாளா? இருக்கலாம். அவள் களைப்பில் இருப்பாள். அன்று காலை நான் கையில் எடுத்த ரிமோட் எது என்று கேட்கிறீர்கள். இரண்டு பெட்டிகளின் ரிமோட்டும் கறுப்புதான், ஐயா, டீப்பாயின் மேல் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. கைக்கு எட்டியதை எடுத்தேன்.

அப்படியானால் தொண்ணூற்று மூன்று பெரிய பெட்டியின் சிக்னல், சின்னப் பெட்டியில் எவ்வளவு என்று நான் பார்க்கவே இல்லை, மச்சான் டிஷ்ஷை இழுக்கப் போனது சரிதான் என்று ஆகிறதே என்கிறீர்கள். ஆகாது. புகைப்படத்தில் நிறம் மாறித் தெரிவது சகஜம். பச்சை, வெளிச்சத்தைப் பொறுத்து, நீலமாக விழும். வேண்டுமானால் இரண்டு கேமராக்களில் எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்த வரியை எழுத வேண்டாம். எழுதிவிட்டீர்களா? அடித்துவிடுங்கள். கொலை என்று நீங்கள் எழுதியிருக்கும் இடத்தில் கையெழுத்துப் போட எனக்கு ஓர் ஆட்சேபனையும் இல்லை. போட்ட அந்த நிமிஷமே டிஷ்காரரைத் திறந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம். குழந்தை காத்துக்கொண்டிருக்கும். ஆனால் நீலத் திரை என்கிற அந்த ஒரு வரி இல்லாமல் புதிதாக எழுதிக் கொண்டுவாருங்கள். அது இருக்கிற காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன். அந்த ஆள் உள்ளேயே இருக்கட்டும். எனக்கு ஒன்றும் அவசரம் இல்லை.